கலங்கரை விளக்கத்தில் மாப்பிள்ளை விசாரிப்பு

என் அக்கா வீட்டுக்காரர் தில்லைநாதன் யாரையும் நம்ப மாட்டார். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்பார். சிதம்பரத்தில் எங்கள் சொந்தத்துக்குள் அவருக்கு சிஐடி மாமா என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் பார்த்த வேலை அப்படி. பைக் லோன் கேட்பவர்கள் கொடுத்த விலாசத்தில் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். தெருவில் இறங்கினால் நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார். முதலில் பெட்டிக்கடை, பிறகு அயர்ன் வண்டிக்காரர், கடைசியில்தான் வீடு. ஓய்வு பெற்றதும் அந்தத் திறமை முழுவதையும் கல்யாண விசாரிப்பில் இறக்கிவிட்டார். சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் முதலில் கிளம்புவது அவர்தான். “முழுக்க நல்லவன்னு சொல்றவன நம்பாத மச்சான். ஒரு குறையச் சொல்லிட்டு மீதிய நல்லதாச் சொல்றான் பாரு, அவன்தான் உண்மை பேசுறான்” என்று எனக்குப் பாடம் எடுப்பார்.

என் மகள் இசைவாணிக்கு வந்த இரண்டு வரன்களை அவர்தான் கலைத்தார். ஒரு வீட்டில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்களாம், எதையோ மறைக்கிறார்களாம். இன்னொரு தெருவில் எல்லோருமே பையனைப் புகழ்ந்தார்களாம், சொல்லிவைத்துப் பேசுகிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா பேத்திக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஏற்கெனவே ஒரு மனைவியும் குழந்தையும் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர். அதற்குப் பிறகு அவரை எதிர்த்துப் பேசும் தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய தங்கை மாலதியை அவசர அவசரமாகப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல இடம் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பினார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட அவள் உயிரோடு இல்லை. அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நாங்களும் கேட்பதில்லை.

இந்த நிலையில்தான் சேரன் வரன் வந்தது. கடலூர் முதுநகரிலிருந்து படகில் போகிற கோரித்திட்டு என்ற தீவூரில், கலங்கரை விளக்கத்தில் அரசாங்க வேலை. வரதட்சணை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இசைவாணி போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“கெவர்மெண்ட் வேலை, ஒண்ணும் கேக்கல, இன்னும் கல்யாணம் ஆவலன்னா எங்கியோ இடிக்குது மச்சான். டூரிஸ்ட் மாதிரி போயி பாத்துட்டு வருவோம்” என்றார் மாமா. இந்த வரனும் போனால் என் மகள் இனி யார் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டாள். அதை அவளே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதனால் அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல், பின்னால் ஏற்றிக்கொண்டு நானே பைக்கை எடுத்தேன்.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்கும்போது இருவருக்கும் மாஸ்க் கொடுத்தார். அடையாளம் தெரியக் கூடாதாம். யாராவது கேட்டால் விழுப்புரம் என்று சொல்ல வேண்டுமாம்.

தீவில் இறங்கியதும் பழைய சுங்கக் கட்டடத்தில் ஒரு கப்பல் அருங்காட்சியகம். டிக்கெட் கொடுத்த ஆரோக்கியம்மாள் என்ற பெண், “எந்த ஊருங்க?” என்று கேட்டார். “சிதம்பரம்” என்று நான் சொல்லிவிட்டேன். வாய்ப் பழக்கம், என்ன செய்வது? மாமா என் காலை மிதித்தார். பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உள்ளே துருப்பிடித்த நங்கூரம், கப்பல் மணி, துறைமுகத்தின் பழைய படங்கள். மாமா ஒன்றையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிய அந்த ஆள் எங்கள் பின்னாலேயே வருவதைத்தான் பார்த்தார். நாங்கள் நங்கூரத்தருகே நின்றால் அவர் மணியருகே நின்றார். நாங்கள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார்.

“இன்னொரு பொண்ணு வீட்டுக்காரன். பையனுக்கு ரெண்டு எடத்துல பேசுறாங்க. நான் சொல்லல?” என்று காதைக் கடித்தார் மாமா.

கலங்கரை விளக்கத்தை ஒட்டி, பழைய ஊழியர் குடியிருப்பில் இன்னொரு அருங்காட்சியகம், சிப்பிகளும் சங்குகளும். அங்கேயும் அந்த ஆள் வந்துவிட்டார். ஒரு வலம்புரிச் சங்கின் முன்னால் நின்றுகொண்டு எங்களையே பார்த்தார். இப்போது எனக்கும் சந்தேகம் வந்தது. மாமா சொல்வது சரியாக இருந்துவிடுமோ?

கலங்கரை விளக்கத்தின் வாசலில் சேரன் உட்கார்ந்திருந்தான். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு. மாமா தன் பழைய வித்தையை எடுத்தார்.

“தம்பி, தீப்பெட்டி இருக்கா?”

தீப்பெட்டி வைத்திருப்பவன் சிகரெட் பிடிப்பவன் என்பது அவர் கணக்கு. சேரன் மேசை டிராயரைத் திறந்தான். உள்ளே முழுக்கத் தீப்பெட்டி, லைட்டர். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மேல கொண்டு போவக் கூடாதுங்க. வர்றவங்ககிட்ட வாங்கி வச்சுக்குறது. நிறைய பேரு மறந்துட்டுப் போயிடறாங்க. இந்தாங்க, வெளிய நின்னு பிடிச்சுட்டு அப்புறமா ஏறுங்க” என்றான் அவன்.

நான் மாஸ்க்குக்குள் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. “அதுல பாதி அவனுதா இருந்தா?” என்று படியேறும்போது கேட்டார். மூச்சு வாங்கி நடுவில் நின்றோம். கீழிருந்து சேரன் குரல் கொடுத்தான். “பெரியவரே, அவசரமே இல்ல. ஜன்னல் பக்கமா உக்காந்துட்டு ஏறுங்க.”

“மரியாத ஜாஸ்தியா இருக்குது. நம்ம யாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார் மாமா. அவரை அப்படியே தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

மேலே நல்ல காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பனாறும் முதுநகர் ஓட்டு வீடுகளும். ஊர் பார்க்க வந்தவர்கள் செல்பி எடுத்தார்கள். மாமா குனிந்து கீழே பார்த்தார். அந்த ஆள் வேப்ப மரத்தடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் அவர் நேராக வந்து கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. சிதம்பரம்னு சொன்னீங்களே, அதான் ஒரு விஷயம் கேக்கலாம்னு ரொம்ப நேரமா தயங்கிட்டு இருந்தேன். என் பேரு பாலகுமார். இங்க வேல செய்யிற சேரன் எங்க அக்கா மவன். உங்க ஊர்ல ஒரு பொண்ணப் பேசியிருக்கோம். அவுங்க அப்பா ஸ்டேஷனரி கட வச்சிருக்காரு.”

அது என் கடைதான். மாமா நிதானமாக, “கேள்விப்பட்டிருக்கேன்” என்றார்.

“பொண்ணு தங்கமாம். அப்பா வாயில்லாப் பூச்சியாம்.” அவர் அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். “ஆனா தில்லைநாதன்னு ஒரு மாமாக்காரரு இருக்காராம். எதுக்கெடுத்தாலும் சந்தேகமாம். பையன் அரை மணி நேரம் லேட்டா வீட்டுக்கு வந்தாக்கூட வந்து நின்னு கேள்வி கேப்பாருன்னு சொல்றாங்க. அக்காவுக்கு எல்லாம் புடிச்சிருக்கு. அந்த ஆளு ஒருத்தரால வேண்டாங்குது. அவரு எப்படிங்க?”

மாமாவின் மாஸ்க் மூச்சில் மேலும் கீழும் போய்வந்தது. அத்தனை வரன்களில் குறை கண்டுபிடித்த மனிதர், இந்த வரனின் குறை தானேதான் என்று வேற்று ஆள் வாயால் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“தெரியும். நல்ல ஆளு கெடையாது” என்றார் கடைசியில். “கூட இருக்கிறவன நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க விட மாட்டான். நீங்க கேள்விப்பட்டதெல்லாம் நெசந்தான். ஆனா பொண்ணு அப்படி இல்ல. அந்தக் கொழந்தைக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. தாராளமாக் கட்டுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவன் அந்தப் பொண்ணு வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.”

ஒரு குறையைச் சொல்லிவிட்டு மீதியை நல்லதாகச் சொன்னார். எதிரே நின்றவர் நம்ப வேண்டும் என்பதற்காக, தன்னையே அந்தக் குறையாக வைத்தார். பாலகுமார் முகம் தெளிந்தது. “அது போதுங்க” என்றார். அந்த இடத்திலேயே காரியம் முடிந்துவிட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

என்னால் முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றினேன்.

“அந்த வாயில்லாப் பூச்சி நாந்தாங்க. இவருதான் தில்லைநாதன். இவரு எம் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. உங்க பையன் அரை மணி நேரம் லேட்டானா வந்து நின்னு கேப்பாரு. இவரு தங்கச்சிக்கு அப்படிக் கேக்க ஆளில்லாமப் போச்சு, அதனால கேப்பாரு. அதுக்குச் சம்மதம்னா வாங்க. இல்லன்னா வேண்டாம்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வாசலில் சேரன் எழுந்து நின்றுவிட்டான். பாலகுமார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டுச் சேரனிடம் போனார்.

படகில் மாமா கலங்கரை விளக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கரையேறியதும், “கெடுத்துட்டியே மச்சான். கூடி வந்தத கெடுத்துட்டியே” என்றார். சிதம்பரம் வரும்வரை அவர் கை என் தோளைப் பிடித்தபடியே இருந்தது. இசைவாணியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் காலையில் பாலகுமார் போன் செய்தார். நான் உடனே அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வர்றாங்க மாமா. நீங்க கண்டிப்பா இருக்கணுமாம். நீங்க இல்லன்னா பையனோட அம்மா வீட்டுக்குள்ள வராதாம்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கண் சிவந்திருந்தது.

“நேத்து வேண்டான்னவங்க இன்னிக்கு ஏன் மச்சான் அப்படிச் சொல்றாங்க?” என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளைச் சட்டையை அயர்ன் போடக் கொடுக்கச் சொன்னார்.