மூன்று மீசைக்காரர்களும் அப்பாவின் கடிதமும்

அம்மாவுக்கு வேண்டியிருந்தது டின். எனக்குக் கிடைத்தது மீசைக்காரர்கள்.

ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அம்மா ஆயா வேலை பார்த்தாள். துரைசாணி அமெரிக்காக்காரி. துரையும் அவளும் ஊரோடு போய்ச் சேர்வதற்காகச் சாமான் கட்டியபோது, பழைய பிஸ்கட் டின் ஒன்றை அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். மூடி இறுக்கமான டின், சீனி போட்டு வைக்கலாம் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து திறந்தால் உள்ளே பதினேழு அட்டைகள்.

"என்னாடி இது, எல்லாம் செத்துப்போனவனுங்க படமா இருக்கு! அடுப்புல போடு" என்றாள். போடுவேனா நான்?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, பழுப்பேறிய போட்டோ. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். முறுக்கு மீசை, முழங்கால் வரை காலுறை. சிலர் கையில் உலக்கை மாதிரி ஒரு கட்டை. கீழே இங்கிலீஷில் பேர், ஊர், ஒரு சிகரெட்டின் விளம்பரம். மறுநாள் அம்மா கேட்டுவந்து சொன்னாள், துரைசாணியின் தாத்தா சின்ன வயதில் சிகரெட் பெட்டிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவையாம். எல்லோரும் அந்தக் காலத்தில் பேர்போன ஆட்டக்காரர்களாம். என்ன ஆட்டம் என்று கேட்டு வரச்சொல்லி மறுபடி அம்மாவைத் துளைத்தெடுத்தேன். அவள் கொண்டுவந்த பதில்: "கிரிக்கெட்டு மாதிரியாம். ஆனா கிரிக்கெட்டு இல்லியாம்." இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன விளங்கும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பிவிடுவேன். விக்கெட் எங்கே? வெளியில் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் திரைச்சீலை ஏன்? ஒருவன் இரண்டு கையையும் நீட்டிப் பந்தைப் பிடிக்கப் போகிறான். பந்து அந்தரத்தில் நிற்கிறது. ஒருநாள் வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, பந்துக்கு மேலே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நூல்! பந்தைத் தொங்கவிட்டுவிட்டு, பிடிக்கிற மாதிரி பாசாங்கு பண்ணுகிறான். அட மோசக்காரப் பயலே என்று அவனைத் திட்டினேன். ஆனால் அன்றிலிருந்து அவனைத்தான் எனக்கு அதிகம் பிடித்துப்போயிற்று.

நூல் ஏன் என்பதை நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்ததும், நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று தோட்டத்து வேலை செய்யும் எங்கள் சனங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்தோம் என்று காகிதம் காட்டினால் பிரஜாவுரிமை உண்டாம். அந்த மனுவுக்குத்தான் அப்பா போட்டோ எடுக்கப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன், மடியில் அட்டைகளோடு.

"அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஓடுற பந்தப் புடிக்க முடியாதும்மா. அதான் கட்டித் தொங்கவுட்டுருக்கான்" என்றார் ஸ்டூடியோக்காரர். பிறகு அப்பாவிடம், "நீங்களும் ஆடாம அசையாம ஒக்காருங்க" என்றார். அப்பா மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னாலும் ஒரு திரைச்சீலை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளுக்கு ஓர் ஆல்பம் செய்யவேண்டும் என்று வெறி வந்துவிட்டது. நல்ல தாளுக்கு எங்கே போவது? அப்பாவின் தகரப்பெட்டியில் தடித்த தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெள்ளை. சும்மாதானே கிடக்கிறது என்று ரொட்டி மாவில் பசை காய்ச்சி, நூல்பந்துக்காரனையும் இன்னும் இருவரையும் வெள்ளைப் பக்கத்தில் ஒட்டினேன். அதற்குள் பசை தீர்ந்துவிட்டது. பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டு, நாளடைவில் மறந்தும் போனேன்.

மூன்று வருஷம் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா பெட்டியைத் திறந்தார். அந்தத் தாள், முன்பு அவர் வேலை செய்த அக்கரப்பத்தனைத் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த கடிதம். எந்த வருஷத்திலிருந்து அங்கே இருந்தார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. எழுதிய துரையும் செத்துப்போயிருந்தார். என் பசையின் ஈரம் மறுபக்கம் இறங்கி, வருஷத்தின் கடைசி எண்ணைக் கலைத்திருந்தது. ஐந்தா, எட்டா? ஐந்தென்றால் அப்பாவுக்கு வருஷக்கணக்கு சரியாக வரும். எட்டென்றால் வராது.

"கைய ஒடிக்கிறேன் பாரு ஒனக்கு!" என்று அம்மா விறகை எடுத்துவிட்டாள். எனக்கு அடி வாங்கினால்கூடத் தேவலை என்றிருந்தது. அப்பா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விடு. பிய்ச்சா கடுதாசியும் சேந்து பிய்ஞ்சிரும். அவனுங்களும் வரட்டும்."

அப்படியாக மூன்று அமெரிக்காக்காரர்களும் எங்களோடு பஸ் ஏறினார்கள்.

விசாரணை செய்தவர் சிங்களவர், கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். கடிதத்தை வாங்கியவர் கைபோக்கில் திருப்பிவிட்டார். "மே கவுத?" என்றார். இது யார் என்று கேட்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆரம்பித்தேன். பந்தைக் காட்டினேன், நூலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே வைத்துப் பார்த்தார். நூல் தெரிந்ததும் சிரித்தேவிட்டார். பக்கத்து மேசைக் கிளார்க்கையும் கூப்பிட்டுக் காட்டினார். எந்த ஊர், எத்தனை வருஷத்துக்கு முந்தியது என்று கேள்விமேல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதற்காக வந்தோம் என்பதையே மறந்துபோனேன்.

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் திருப்பினார். கலைந்த எண்ணில் விரலை வைத்தார்.

"அஞ்சுங்க ஐயா" என்றார் அப்பா.

அவர் எண்ணிலிருந்து விரலை எடுத்தார். கடிதத்தைக் கோப்பில் கோத்துக் கட்டினார். கோப்பு கொழும்புக்குப் போகும் என்றார்.

ஆறு மாதத்தில் பதில் வந்தது. தொடர்ந்து வசித்ததற்கு அத்தாட்சி போதாது, மனு நிராகரிக்கப்பட்டது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். என் கையால்தான், என் ரொட்டி மாவால்தான் என்று அழுதேன்.

"ஏ புள்ள, இங்க வா" என்றார் அப்பா. "அடுத்த காம்பரா வீட்டுக்காரரு கடுதாசி பளபளன்னு இருந்துச்சு. அவருக்கும் இதே பதிலுதான். பசையாலயா போச்சு?" நான் நம்பவில்லை. இன்றைக்கும் முழுக்க நம்பவில்லை. அந்த எண் ஐந்துதானா என்று அப்பாவிடம் கேட்டுவிடவும் கடைசிவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கடுதாசியத் திருப்பி அனுப்பிருக்காங்களா, பாரு" என்றார். உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இல்லை.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப அந்த மூணு மீசக்காரனுங்களையும் கொழும்புலயே வச்சுக்கிட்டாங்க. நம்மளத்தான் வேணாங்குறாங்க."

அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய், டின்னிலிருந்த சீனியை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த பதினான்கு பேரையும் அதற்குள் வைத்து மூடி என்னிடம் நீட்டினாள்.