தண்ணீர் லாரியில் ஓட்டிய சவுதி

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு லாரிப் பட்டறை இருந்தது. பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய நீளமான சீட்டைச் செங்கல் மேல் வைத்து, அதன் வாசலில் பெஞ்சாகப் போட்டிருந்தார்கள். ஸ்பிரிங் தளர்ந்த சீட்டு. ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் உயர்வார். லாரி ஓட்டி ஓய்ந்த நாலு பேர் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே வந்துவிடுவார்கள். டீக்கடை எதிரிலேயே இருந்தது.

நான் அப்போது தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. பொழிச்சலூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பெரும்பாக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருந்த கிணற்றில் நிரப்பிக்கொண்டு போய் அங்கே ஊற்றுவேன். முதல் நடை முடிந்ததும் பட்டறையில் வண்டியை நிறுத்தி, பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்கார்ந்து டீ குடிப்பேன். எனக்குப் பேச வராது. வந்தாலும் பேச என்ன இருந்தது? அவர்கள் நாட்டின் எல்லையைத் தாண்டியவர்கள். நான் தாண்டியதெல்லாம் தாம்பரம் ரயில்வே கேட்.

அந்த பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லை தாண்டியவர்களுக்கு நடுவில் இடம், மற்றவர்களுக்கு ஓரம். நடுவில் இருவர் இருப்பார்கள். ஒருவர் நேபாளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். மூக்கு நீட்டிய பழைய வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு டீ ஆறிவிடும்.

"அப்பல்லாம் செல்ஃபு ஏது? முன்னால ஹேண்டில் வுட்டு சுத்தணும். திருப்பி அடிச்சா மணிக்கட்டு போச்சு. பவர் ஸ்டியரிங்காம் இப்ப. நம்ம தோளுதான் நைனா பவரு."

மலைமேல் விடிகாலையில் டீசல் உறைந்துபோனதையும், டாங்குக்கு அடியில் விறகு மூட்டியதையும், மேகம் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறியதையும் அவர் சொல்வார்.

இன்னொருவர் சவுதி அண்ணன். அறுபது தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் கனம். இரண்டு வருஷம் சவுதியில் டிரெய்லர் ஓட்டியதாகச் சொல்வார். அவர் கதையில் எல்லாம் நடக்கும். முக்கியமானது மணல் காற்றுக் கதை. குழாய் ஏற்றிய நாற்பதடி டிரெய்லர். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. டயர் சத்தத்தை மட்டும் கேட்டு ரோட்டில் இருக்கிறோமா இல்லையா என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கியராக இறக்கி, கடைசியில் நிறுத்துவார். காற்று ஓய்ந்து இறங்கிப் பார்த்தால், வண்டியின் ஒரு பக்கத்து பெயிண்ட் முழுக்கச் சுரண்டப்பட்டு, தகரம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னும். சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பிடிப்பார், பிரேக்கை மிதிப்பார், இடது கையால் கியரை இழுப்பார். பட்டறைக்காரர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் அந்தக் கதையை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த பெஞ்சுக்குக் குவைத்துக்காரரைக் கூட்டி வந்தது நான்தான்.

பொழிச்சலூரில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். அவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது என் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். குவைத்திலிருந்து சவுதி, ஜோர்டான் வரை பதினோரு வருஷம் லாரி ஓட்டினேன், இப்போது வீட்டில் உட்கார்ந்தால் பேஜாராக இருக்கிறது என்றார். நான் யாரிடமும் வலியப் பேசுகிறவன் இல்லை. அன்று ஏதோ சந்தோஷத்தில், "தாம்பரத்துல உங்களை மாதிரி ஆளுங்க கீறாங்க அண்ணா. சவுதி ஓட்டினவரே கீறாரு" என்று சொல்லி, அவரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடுவில் இடம் கொடுத்தார்கள். டீ வந்தது. பாலைவனத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள்.

"ரோடு நேரா போவும்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "திரும்பி வரும்போதும் நேராதான் வரும்."

"மணல் காத்து?"

"அடிக்கும். நிறுத்திக்குவோம். நின்னதும் கிளம்பிடுவோம்." வலது கையால் கியரைப் போட்டுக் கிளப்பிக் காட்டினார். அவ்வளவுதான்.

நேபாளக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா இவரைக் கூட்டி வந்தாய் என்பது இருந்தது. ஆனால் நான் அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடப் பக்கம். டிரைவருக்குக் கியர் வலது கைக்குத்தான் வரும். இது பெஞ்சில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் ஒருவர் மனதிலும் அதுவரை உறைக்கவில்லை. சவுதி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாத்தே, நீ சொல்லு அந்த மணல் காத்தை" என்றார் நேபாளக்காரர். "இவரும் கேக்கட்டும்."

"பல்லு வலி. அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்தவர், நேராக என் லாரியில் ஏறி இடப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

கேம்ப் ரோடு தாண்டியதும், "பாத்துட்ட இல்ல?" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"நான் சவுதி போவல. பம்பாய் வரைக்கும் போனேன். ஏஜெண்ட்டு பாஸ்போர்ட்டோட கம்பி நீட்டிட்டான். திரும்பி வர வெக்கம். ஹார்பர்ல ரெண்டு வருசம் லோக்கல் வண்டி ஓட்டிகினு இருந்தேன். சவுதிலேர்ந்து கப்பல்ல, ஏரோப்ளேன்ல திரும்பி வர்ற டிரைவருங்க எல்லாம் எங்க ரூம்லதான் தங்குவாங்க. அவங்க சொன்னதெல்லாம் கேட்டு வச்சிகினேன்."

"வூட்ல தெரியுமா அண்ணா?"

"அவளுக்குத் தெரியும். பெஞ்சுக்குத்தான் தெரியாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பத்து மணிக்கு அங்க போய் உக்கார்றதுக்குத்தான் காலைலயே எழுந்து சவரம் பண்ணிக்கினு இருக்கேன். அதுவும் போச்சுன்னா இன்னா பண்றது?"

கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்களேன் என்றேன். சொல்லிப் பார்த்தார். மேடவாக்கம் வருவதற்குள் கதை நின்றுபோனது. கை அசையாமல் அவருக்கு வாய் அசையவில்லை. வலது கையால் கியர் போடுவதாக நினைத்துச் செய்து பார்த்தார். இரண்டாவது கியரிலேயே இடது கை எழுந்து வந்தது. நாற்பது வருஷப் பழக்கம்.

கிணற்றடியில் மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரம்பக் காத்திருந்தபோது, அவர் வண்டிக்குள் உட்கார்ந்தபடி கியர் ராடையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்தது. இடப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருக்கு, அது வலது கைக்குத்தான் வந்தது.

"நீ ஸ்டியரிங்கைப் பிடி, கிளட்ச்சை மிதி" என்றார். "கியரை நான் போடறேன்."

அன்றிலிருந்து ஒரு வாரம், பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு லாரியை இரண்டு பேர் ஓட்டினோம். என் வண்டி பழசு. ஒவ்வொரு கியருக்கும் டபுள் கிளட்ச் போட வேண்டும். ஒரு தடவை மிதித்து கியரை எடுத்து, விட்டு, மறுபடி மிதித்தால்தான் அடுத்த கியர் விழும். இல்லாவிட்டால் பெட்டியே கழன்று விழுவது போலச் சத்தம் வரும். முதல் இரண்டு நாள் ரோட்டில் போகிற மாடெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"மிதிடா" என்பார்.

"மிதிச்சிட்டேண்ணா."

"எப்ப மிதிச்ச? சொல்லிட்டு மிதி."

மூன்றாம் நாளிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தோள் அசைவதைப் பார்த்தே என் கால் போனது. நாலாம் நாள் அவர் வாய் மணல் காற்றைச் சொல்ல, கை கியரைப் போட, கால் கிளட்ச்சை மிதிக்க, சத்தமே இல்லாமல் சேலையூர் வந்து சேர்ந்தோம். வேலையில் நான் அப்படிச் சிரித்ததே கிடையாது. பின்னால் தண்ணீரும் தளும்பிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் சொன்னபடி சொன்னார். அன்று கூட்டம் அதிகம். குவைத்துக்காரர் பக்கத்தில். நான் வழக்கம் போல ஓரத்தில். சவுதி அண்ணன் டிரெய்லரைக் கிளப்பினார். வலது கை ராடில் தானாகப் போய் உட்கார்ந்தது. முதல் கியர், இரண்டு, மூன்று. குவைத்துக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மணல் எழுந்தது. கியர் ஒவ்வொன்றாக இறங்கியது. எனக்கு மூச்சு நிம்மதியாக வந்தது.

"தம்பி" என்றார் குவைத்துக்காரர் என்னைப் பார்த்து. "நீ எதுக்கு டபுள் கிளட்ச் போடற?"

எல்லோரும் குனிந்து என் இடது காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். செருப்பு மண்ணில் குழி பறித்திருந்தது.

"கொசு" என்றேன்.

"பகல் பத்து மணிக்கு?" என்றார் நேபாளக்காரர். "அதுவும் ரெண்டு ரெண்டு தடவையா கடிக்குது? அண்ணாத்தே, இன்னொரு கியர் போடு."

சவுதி அண்ணன் போடவில்லை. அவர் கையை நேபாளக்காரரே பிடித்து இழுத்துப் போட்டார். என் கால் போய்விட்டது. மிதி, விடு, மிதி. பட்டறையே சிரித்தது. எனக்கு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் காலால் அவர் மானம் போயிற்று.

சவுதி அண்ணன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சவுதி போவல. பம்பாயோட சரி. வலது கைக்குப் பழக்கம் வரணும்னு அவன் வண்டில உக்காந்து கத்துகினேன்."

சிரிப்பு நின்றது. பட்டறையில் யாரோ ஏர் கம்ப்ரெஸ்ஸரை நிறுத்தினார்கள்.

"பத்து வருசமா கேட்டுகினு கீறோம்" என்றார் நேபாளக்காரர். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

சவுதி அண்ணன் எழுந்தார். குவைத்துக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"முடிச்சிட்டுப் போங்க. காத்து நின்னுச்சு, அப்புறம்?"

"அதான் போவலன்னு சொல்லிட்டனே."

"நான் போனேன் இல்ல? எனக்குத் தெரியும், அங்க அப்படித்தான் அடிக்கும். பதினோரு வருசத்துல நாலு தடவ மாட்டிகினேன். ஊருக்கு வந்தா பொண்டாட்டி கேப்பா, புள்ளைங்க கேக்கும். காத்து அடிச்சுது, நின்னுச்சுன்னு சொல்வேன். எழுந்து போயிடுவாங்க. இப்ப நீங்க சொல்லச் சொல்ல எனக்கு மூக்குல மணல் ஏறுது. சொல்லுங்க, பெயிண்ட்டு போச்சா?"

சவுதி அண்ணன் நேபாளக்காரரைப் பார்த்தார். நேபாளக்காரர் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "சட்டம்னா சட்டம்" என்றார். "எல்லை தாண்டாத ஆளு ஓரத்துல உக்காரணும். தண்ணி வண்டி பக்கத்துல போய் உக்காந்து சொல்லு."

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் உயர்ந்தேன். பெயிண்ட் உரிந்ததைச் சொன்னார். அதன் பிறகு அவர்கள் கேட்கவும், பம்பாய் ஹார்பர் கதையையும் முதலிலிருந்து சொன்னார். பெஞ்சுக்கு அது புதுக் கதை. நான் இரண்டாவது நடைக்குக் கிளம்பும்போது பன்னிரண்டு மணி. பொழிச்சலூரில் குடத்தோடு நின்றிருந்தவர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அவர் வருவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே, சவரம் செய்த முகத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் பெஞ்சே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. குவைத்துக்காரர் நடுவிலிருந்து ஆரம்பிப்பார்.

"ஒரு தடவ ஜோர்டான் ரோட்ல டயர் வெடிச்சுது. மாத்தினோம்."

"இருங்க, இருங்க. எந்த டயரு?" என்பார் அண்ணன் ஓரத்திலிருந்து.

"பின்னால."

"உள்ளயா, வெளியயா?"

"உள்ள."

"மணி இன்னா இருக்கும்? கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"மதியம் ரெண்டு. ஒரு பாகிஸ்தான்காரன் இருந்தான்."

அண்ணன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த டயர் வெடித்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்த டயரைத் தன் கையாலேயே மாற்றிய குவைத்துக்காரர், டீ கிளாஸை வாய்க்குக் கொண்டு போகாமல் பாதியில் பிடித்தபடி, அந்த பாகிஸ்தான்காரன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.