சிறுமலைக்கு நாடு கடத்திய புறாக்கள்

போன ஜனவரியில் திண்டுக்கல்லுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, ரஃபீக் அண்ணனின் புறாக்களை நாடு கடத்த. அங்கே பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் என் கூடப்பிறந்த அண்ணன், மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறான். ஒரு வருடமாக விடாத இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. புறாவின் இறகுத் தூசியும் எச்சத் தூசியும் நுரையீரலை வீங்க வைத்திருக்கின்றன என்றார் டாக்டர். மாத்திரை வீக்கத்தைக் குறைக்குமாம். ஆனால் புறாக்கள் அங்கேயே இருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், பிறகு சரியாகாது.

"கூட்டாளி சேது என்னைய விட அதிகமா புறாவோட கெடக்கான். அவனுக்கு ஒண்ணும் வரலையே?" என்று மடக்கினான் அண்ணன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நம் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்று சில அடையாளங்கள் உண்டு, அவை பெற்றோரிடமிருந்து வருபவை. உடம்பு எதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகும் என்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. சில வகை அடையாளம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம், வந்தே தீரும் என்றும் இல்லை. வெளியே வந்ததும், "ரத்தத்துல ஜாதகம் பாக்குறாரு" என்றான் அண்ணன்.

அப்படிப்பட்டவன் சிறுமலையில் நண்பரின் வாழைத் தோட்டத்துக்குப் புறாக்களை அனுப்பச் சட்டென்று சம்மதித்தான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அவனை வீட்டில் விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். வாடகைக் கார் போக வர இரண்டாயிரம். தூரம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். பஸ் குறைவு, நம்பிப் போகாதீர்கள்.

"ஏக்கா, பந்தயப் புறா இம்புட்டுப் பக்கத்துல விட்டா அங்கனயே நிக்குமா?" என்றார் டிரைவர்.

"தீனி போட்டா நிக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் போல.

தோட்டத்துக்காரர் இடத்தைப் பழக்க வேண்டுமென்று கூடையைத் திறந்தார். புறாக்கள் இரண்டு வட்டம் அடித்தன, ஊர்ப் பக்கம் பறந்தே போய்விட்டன. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் வீடு திரும்பியபோது அத்தனையும் மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன. தெருவில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், என்னைக் கண்டதும் சிரித்தான். சிரிப்பு இருமலாகிப் பேச்சே வரவில்லை.

"தெரிஞ்சுதானே அனுப்புன?"

"தெரியும். வந்து எறங்குறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பிடிக்கிறேன் என்று கூடையோடு படியேறினேன். அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"மேல போகாத. ஒரே அத்தா அம்மாவுக்குப் பொறந்தவங்க. எனக்கு இருக்குற அடையாளம் ஒனக்கும் இருந்தா?"

"ஜாதகம்னு சொன்ன?"

"எனக்குச் சொன்னேன். ஒனக்கா சொன்னேன்?"

நான் கூடையைக் கீழே வைத்தேன். பிறகு அவனே பந்தயத்தில் தன்னோடு மோதும் கீரனூர் ஆளுக்குப் போன் போட்டான். "வந்து எடுத்துட்டுப் போயிருங்க. தெறந்து மட்டும் விட்றாதீங்க, இங்க வந்துரும்."

வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தால் பறவையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறாரே என்று ஏமாறாதீர்கள்.

புறாக்கள் கீரனூர் போன மறுநாள், முகக்கவசம் போட்ட ஆட்கள் மாடியைக் கழுவினார்கள். அண்ணனும் நானும் தெருவிலேயே நின்றோம். என் கையை அவன் விடவே இல்லை.