நான் மாற்றிப் படித்த முடிவு

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடை. அதன் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஆறு பெண்கள் உட்கார்ந்து பூ கட்டுகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு கதை படிப்பேன். என் கூடையில் கிடக்கும் உதிரிப்பூவை மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு கை அள்ளி எனக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பௌர்ணமி நெருங்கினால் மட்டும் கதை கிடையாது, கிரிவலக் கூட்டம் வரும், வேலை ஜாஸ்தி.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கடைக்காரர் ஏதாவது கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். படிக்கும்போது மட்டும் குரல் வரும், அது என் பேச்சு இல்லையே.

இந்தக் கதைகளில் ஒரு வகை எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான ஆள், இரண்டு பிள்ளைகள், ஆபீசில் ஒருத்தி. அவர்கள் டீ குடிப்பதை ஒரு பக்கம் எழுதுவார்கள். மழை வேறு பெய்யும். வீட்டில் இருக்கிற பெண்டாட்டி ஒரு வரி வருவாள், அந்த வரியிலும் குழம்புக்கு உப்புப் போட மறந்திருப்பாள். எழுதுகிறவர் யார் தோள்மேல் கை போட்டுக்கொள்கிறாரோ அவர்களுக்காகப் படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? என் கதையை நானும் அப்படிச் சொல்லியிருந்தால் ஊரே அழுதிருக்கும்.

என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் கீழ்பென்னாத்தூருக்குப் போய் வந்தார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை பிடிக்கப் போவதாகச் சொல்வார். அங்கே இருந்தது மூட்டை இல்லை, ஒருத்தி. அவர் செத்த அன்றைக்கு அவளும் வந்து தெருக்கோடியில் நின்றாள். எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, பாவம் என்று சொன்னார்களாம். எனக்கு யாரும் சோடா வாங்கித் தரவில்லை. நான்தான் வீட்டுக்காரி ஆயிற்றே, எனக்கு என்ன குறை. கொட்டகையில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருத்தரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

போன வருஷம் அப்படிப்பட்ட கதை ஒன்று கிடைத்தது. பாதி படித்திருப்பேன், சாயங்கால மாலைக்கு அவசரம் என்று கடைக்காரர் கத்தினார். மூடி வைத்தேன். எல்லோரும் அந்த ஆபீஸ்காரிக்காக உச்சுக்கொட்டினார்கள். பெண்டாட்டி ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் வெளியே போகிறான் என்று ஒருத்தி கேட்டாள். நான் இழுத்த இழுப்பில் நார் அறுந்தது.

என் பக்கத்தில் உட்காருகிறவள்தான் எங்களில் சின்னவள், முப்பத்தைந்து இருக்கும். வேங்கிக்காலில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும் ஒரு வேன் டிரைவர் இவள் வீட்டுக்கும் வந்து போவான். அவள் மேல் படாமல் ஒரு சாண் தள்ளித்தான் நான் உட்காருவேன். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ஆயா, கடைசில அந்தப் பொண்ணுக்கு எதனா நல்லது நடக்குதா?"

நாளைக்குத் தெரியும் என்றேன்.

வீட்டுக்குப் போய் முடிவைப் படித்தேன். பெண்டாட்டிக்காரி தானே புறப்பட்டுப் போய் ஆபீஸ்காரியின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அதோடு முடிந்தது. யாருடைய கையை யார் பிடிப்பது?

மறுநாள் புத்தகத்தை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வேறு முடிவு சொன்னேன். என் முடிவில் அவன் அவளை நடு ரோட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். பெற்ற தாய்கூட அவளைச் சேர்க்கவில்லை. கேட்பாரில்லாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிறாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பினேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சின்னவள் கட்டிய சரம் அன்றைக்குத் தளர்ந்து தளர்ந்து உதிர்ந்தது.

பத்து நாள் கழித்து அவள் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கொட்டகையில் கிடந்ததை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"கோயில்ல பூப்போட்டுப் பார்க்கிற மாதிரி நெனச்சுட்டு கேட்டேன் ஆயா. நீங்க பொட்டலத்த மாத்தி வெச்சுட்டீங்க."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். இவள் கதையின் முடிவை அப்படி வைத்திருக்கிறாள். நல்லபடி முடிந்தால் அந்த வேன் டிரைவரோடு இருப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது. நான் படித்த அன்றைக்கே அவனிடம் இனி வராதே என்று சொல்லிவிட்டாளாம். அவனுக்கு வசதியாகப் போயிற்று, திரும்பியே பார்க்கவில்லை.

"ஒங்க வூட்டுக்காரரு போனது என் வூட்டுக்கு இல்லியே ஆயா," என்றாள்.

பதினாறு வருஷத்தை முதல் தடவையாக ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். மற்ற நாலு பேரும் பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

உள்ளதைப் படிங்க என்றாள். படித்தேன். பெண்டாட்டி போய்க் கையைப் பிடிக்கிற இடம் வந்ததும், அன்றைக்குப் பெண்டாட்டியைக் குறை சொன்னாளே, அவளே சிரித்துவிட்டாள்.

"எவ வருவா இப்டி? எழுதினவன் வூட்ல வருவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை.

"வரமாட்டாள்னு எனக்கும் தெரியும். அதையும் கேட்டுட்டு நானே முடிவு பண்ணியிருப்பேன்," என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

இப்போதும் அங்கேதான் உட்காருகிறாள். என் கூடையிலிருந்து பூ எடுப்பதில்லை. நான் படிப்பதை நிறுத்தவில்லை. மற்றவர்கள் கேட்கிறார்கள், ஆனால் கதை முடிந்ததும் யாராவது ஒருத்தி, அப்படியேதான் போட்டிருக்கா என்று கேட்கிறாள். தலையை ஆட்டுகிறேன்.

அந்த வேன்காரனின் பெண்டாட்டியை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் நான் அவள் கட்சிதான். சின்னவளுக்கு நான் செய்தது அநியாயம் என்று தெரிகிறது. அதற்காக அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.