என் மேஜை மேல் ஒரு ரயில்வே கேட்

மூன்று வருடமாகக் காத்திருந்த ரயில்வே கேட் இன்று காலை வந்து சேர்ந்தது. உத்தமபாளையம் நண்பர் சிங்கப்பூரிலிருந்து கைலியில் சுற்றி, உடையாமல் கொண்டுவந்து கொடுத்தார்.

விரல் நீளம்தான். மேஜை மேல் தண்டவாளம் போட்டு நான் ஓட்டுகிற சின்ன ரயில் நெருங்கினால் தானாக இறங்கும். போனதும் தானாக ஏறும். ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பத்தாவது தடவைக்கு மச்சான் வந்தார். என் அக்கா வீட்டுக்காரர். தேனி கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரைச் சாய்த்து, குனிந்து, அடியில் நுழைந்து போகிற கூட்டத்தில் முதல் ஆள்.

ரயிலை விட்டேன். கேட் இறங்கியது.

"வண்டி அங்கனதான மாப்ள வருது? அதுக்குள்ள எதுக்கு மூடுது?" என்றபடி ஒற்றை விரலால் தூக்கினார்.

"மச்சான், கைய எடுங்க!"

டக். கம்பி அவர் விரலோடு வந்துவிட்டது.

"என்ன மாப்ள, இம்புட்டு நோஞ்சானா இருக்கு! ஒன்னய நல்லா ஏமாத்திட்டாக."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "அண்ணன் ஆசையாப் பாக்க வந்தாக. ஒரு பொம்மைக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீகளே!" என்றாள்.

அந்தக் காலத்தில் அந்த ஸ்கூட்டருக்குப் புக்கிங் போட்டுவிட்டு ஆறு வருடம் வாய் திறக்காமல் காத்திருந்த மனுஷன் இவர். ரயிலுக்குத்தான் ஆறு விநாடி பொறுக்காது.

காபியைக் குடித்ததும் எழுந்துவிட்டார். "போடிக்குப் போற ரயிலு வர்ற நேரம் மாப்ள, கேட்டப் போட்டுருவான்."

கேட் போட்டால் நின்று காத்திருக்கிற ஆள் உங்கள் சொந்தத்தில் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கேட் வந்ததும் அவரை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன்.