கலியன் படித்துப் பார்த்த பத்திரம்

டில்லி கரோல் பாக்கில் தமிழர்கள் ‘மதராஸ் பில்டிங்’ என்று சொல்லும் மாடிக் கட்டடத்துக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கீழே காபித்தூள், பூ, அப்பளம், பாத்திரம். மேலே தையல், ஜெராக்ஸ், ஒரு மெஸ். ஏழு கடைகளும் தமிழர்களுடையவை.

காபித்தூள் கடைக்காரர் கலியன், திண்டிவனத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர். இப்போது அறுபத்து மூன்று. மாநகராட்சி ஆள் வந்தாலும், எவனாவது வாசலை மறித்து வண்டி நிறுத்தினாலும் மற்றவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இந்தி அப்படி. ஆனால் எல்லாம் காதால் பிடித்தது. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. மற்ற ஆறு பேருக்கும் தெரியாதுதான். அவர்கள் அதைச் சொல்லக் கூசியதில்லை. கலியன் மட்டும் வந்த புதிதில் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதை மாற்றிச் சொல்ல நாள் வாய்க்கவில்லை.

சென்ற மார்ச்சில் கட்டட உரிமையாளரின் மகன் நான்கு பக்க இந்திப் பத்திரத்தோடு வந்தான். மராமத்துக்குச் சம்மதம், அவ்வளவுதான் என்றான். கலியன் கண்ணாடியை மாட்டி, வரிக்கு வரி விரலை ஓட்டினார். மூன்றாம் பக்கத்தில் சற்று அதிக நேரம் நின்றார்.

“அச்சா. ரிப்பேர் பேப்பர்தான். போடுங்க.”

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூனில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, ஆறு மாதத்தில் காலி செய்கிறோம் என்று அந்தப் பத்திரத்தில் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“பேப்பரை மாத்திட்டான்” என்றார் கலியன். எல்லோரும் நம்பினார்கள்.

மாடியிலிருந்த தன் அலுவலகத்தில் வக்கீல் பிரியதர்ஷினி பத்திர நகலைப் புரட்டினார். “மாத்தலை சார். நாலு பக்கத்துலயும் உங்க எல்லார் கையெழுத்தும் இருக்கு. படிக்கத் தெரியாதவங்களை ஏமாத்தி வாங்கினதுன்னா வாதாடிப் பார்க்கலாம். ஆனா நீங்க படிச்சுச் சொன்னதா இவங்க சொல்றாங்களே?”

“அவரு பேசுற இந்திக்கு ஜட்ஜே எழுந்து நிப்பாரும்மா” என்றார் பாத்திரக்கடை அப்பாவு. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கலியன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா.”

சிரிப்பு நின்றது.

“கோர்ட்டுல இதைச் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

இறங்கும்போது யாரும் அவருடன் வரவில்லை. அப்பாவு ஏதோ போன் வந்ததுபோல் முன்னால் போனார். பூக்கடைத் தங்கம் மட்டும் படியில் நின்றாள்.

“அண்ணா, எங்க வீட்டுக்காரரு போனப்ப அவரு வேலை பார்த்த கம்பெனியிலேருந்து இந்தியில ஒரு லெட்டர் வந்துச்சே. அனுதாபம் சொல்லியிருக்காங்க, வேற ஒண்ணுமில்லன்னு படிச்சுச் சொன்னீங்க.”

கலியன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?”

“தெரியாது தங்கம்.”

வீட்டில் எங்கே வைத்தேனோ, தேடணும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.