எண்ணெய் பூசிய இலை

என் பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணின் கோபத்தைப் பார்த்து மிளகாய் என்றே கூப்பிட ஆரம்பித்தோம். கட்டிக்கொண்டவரும் அப்படித்தான் கூப்பிட்டார், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு.

செடி விற்கும் பண்ணையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பாலைவனச் செடிகளின் கொட்டகை அவள் பொறுப்பு. புதிதாக வந்த மேலாளர், இலை பளபளக்கணும் என்று தினமும் சாயங்காலம் எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னார். வேண்டாமென்றாள்.

"சொன்னதைச் செய்ம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். இரண்டே மாதத்தில் ரணகள்ளி இலைகள் சுருங்கின, ஒரு துளிர் இல்லை. எட்டு வேலைக்காரர்கள் பார்க்க மேலாளர் கத்தினார்: "தண்ணிய ஊத்தி ஊத்தி அத்தனையும் கொன்னுட்டியே! நாளையிலேருந்து வராத."

தன் பிள்ளைகளைக்கூட அவள் அந்தச் செடிகளைப்போலப் பார்த்துப் பார்த்து வளர்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய் நின்றாள். கையில் இரண்டு ரணகள்ளி இலைகள். ஒன்று கொட்டகையில் பறித்தது. மற்றது பம்பு அறைக்குப் பின்னால், எண்ணெயே படாத தொட்டியில் பறித்தது.

"ரெண்டையும் கடிச்சுத் துப்புங்க சார்."

"நான் என்ன ஆடா?"

"ஆடா இருந்தா நான் சொல்லவே வேண்டாமே, அதுக்கே தெரியும்."

எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்கவே கடித்தார். முதல் இலை சப்பென்றிருந்தது. இரண்டாவதில் முகம் கோணியது. "ஐயோ, புளிக்குது!"

காலையில் புளிப்பதை அவள் நாக்கு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. காரணத்தைச் செடி வாங்க வந்த கல்லூரி டீச்சரம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"இந்த இலையில கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி வாய் இருக்கு சார், பகல்ல அதைத் திறக்காது. திறந்தா உள்ள இருக்கிற தண்ணி வெயில்ல போயிடும். ராத்திரிதான் திறந்து கரியமில வாயுவ இழுக்கும், புளிப்பா மாத்தி வெச்சுக்கும். பகல்ல அதை எடுத்து, வாய மூடிக்கிட்டே வெயில்ல சமைச்சுக்கும். சாயங்காலம் புளிப்பு தீர்ந்துடும். நீங்க அது வாயத் திறக்கிற நேரம் பார்த்து எண்ணெயால அடைக்கச் சொன்னீங்க. கொன்னது யாரு?"

மேலாளர் அவளை ஓரமாக அழைத்தார். "சரிம்மா, நாளையிலேருந்து வேலைக்கு வா. இதை இதோட விடு."

"எல்லார் முன்னாடியும்தானே கொன்னேன்னு சொன்னீங்க? எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க."

மேலாளர் எட்டுப் பேர் பக்கமும் திரும்பி, அவள் கொல்லவில்லை என்று முணுமுணுத்தார்.

"பம்பு சத்தத்துல கேக்கல சார்."

பம்பு ஓடவே இல்லை. மேலாளர் இன்னொரு முறை சொன்னார், உரக்க. அப்புறம்தான் அவள் சோப்புத் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.